செலவும் தேய்மானமும்

"அப்டேட் போட்டேன், அன்றிலிருந்து சார்ஜ் நிற்பதே இல்லை" என்ற முறையீட்டைச் செல்போன் பழுதுபார்க்கும் கடைகளில் நாள்தோறும் கேட்கலாம். காலையில் நூறு சதவிகிதம் காட்டிய சாதனம் பிற்பகலுக்குள் இருபதுக்கு இறங்கிவிடுகிறது. முந்தின வாரம் இரவு வரை தாங்கிய அதே பேட்டரி, அதே மனிதர், அதே உபயோகம். இடையில் நேர்ந்த மாறுதல் மென்பொருள் ஒன்றுதான் என்பதால் குற்றத்தை அதன் தலையில் சுமத்துவது மனித சுபாவத்துக்கு ஒத்ததே. இந்தத் தீர்ப்பில் பாதி நியாயம் இருக்கிறது. மற்றப் பாதி, வெவ்வேறான இரண்டு விஷயங்களை ஒன்றென்று எண்ணுவதால் விளைந்த மயக்கம். சேர்த்து வைத்த சக்தி சீக்கிரம் தீர்ந்துபோவது ஒன்று. சக்தியைச் சேர்த்து வைக்கும் திறனையே பேட்டரி இழப்பது வேறொன்று. முன்னது வெறும் செலவு. இரவு சார்ஜ் போட்டால் விடிவதற்குள் ஈடாகிவிடும். பின்னதோ முதலுக்கே மோசம். எத்தனை மணி நேரம் சார்ஜில் கிடந்தாலும் போனது திரும்புவதில்லை. அப்டேட் பெரும்பாலும் செலவைத்தான் கூட்டுகிறது. முதலைத் தின்பவை உஷ்ணமும், உயர்ந்த மின்னழுத்தமும், நாட்களின் ஓட்டமும் ஆகும். செலவையும் தேய்மானத்தையும் பிரித்தறிந்தவருக்கே எதைக் கண்டு பொறுமையாக இருக்கலாம், எதில் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்பது விளங்கும்.

ஒரு பெரிய அப்டேட் ஏறி முடிந்த முதல் இரவில் செல்போனுக்குள் நடப்பதைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். திரை அணைந்திருக்கிறது, உரிமையாளர் உறங்கிவிட்டார், ஆனால் மேஜைமேல் கிடக்கும் சாதனத்தின் முதுகைத் தொட்டால் இளஞ்சூடு தெரிகிறது. பல ஆண்டுகளாகச் சேர்ந்துகிடக்கும் ஆயிரக்கணக்கான புகைப்படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, இது யாருடைய முகம், இது கடற்கரையா கல்யாண மண்டபமா என்று புதிய முறைப்படி மறுபடி வகைப்படுத்தும் வேலை நடக்கிறது. செய்திகளிலும் கோப்புகளிலும் உள்ள சொற்களை எல்லாம் தேடலுக்கு ஏற்றபடி அகராதிபோல் அடுக்கும் வேலை நடக்கிறது. ஆண்ட்ராய்டு சாதனமானால் நிறுவியிருக்கும் செயலிகளைப் புதிய அமைப்புக்குப் பொருந்துமாறு மீண்டும் தொகுக்கும் வேலையும் அத்துடன் சேர்ந்துகொள்கிறது. செயலிகளோ தத்தம் புதிய பதிப்புகளை இணையத்திலிருந்து இழுத்துக்கொண்டிருக்கின்றன. சாதாரண இரவுகளில் செல்போன் ஏறக்குறைய முழு உறக்கத்தில் இருக்கும். 2015-ஆம் ஆண்டு வெளியான ஆண்ட்ராய்டு 6 'டோஸ்' என்ற பெயரில் புகுத்திய ஏற்பாடே, அசைவின்றிக் கிடக்கும் சாதனத்தில் செயலிகள் அடிக்கடி விழித்துக்கொள்ளாமல் தடுப்பதற்காக ஏற்பட்டதுதான். அப்டேட் ஆன இரவில் அந்த உறக்கம் கலைந்துவிடுகிறது. மறுநாள் அமைப்புகளில் பேட்டரிப் பக்கத்தைத் திறந்து பார்ப்பவர், தாம் தொட்டுக்கூடப் பார்க்காத புகைப்படச் செயலியோ, சாதனத்தின் இயங்குதளமோ பட்டியலின் தலையில் நிற்பதைக் கண்டு வியப்படையக்கூடும். இந்த வேலைகள் ஒரு தடவை செய்து முடிக்கவேண்டியவை. புகைப்படங்கள் குறைந்தவருக்கு ஒரே நாளிலும், நிறைந்தவருக்குச் சில நாட்களிலும் அவை ஓய்ந்து, சார்ஜ் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பெரிய அப்டேட்டுக்குப் பின் சார்ஜ் விரைவில் தீர்வதும் சாதனம் சூடாவதும் தற்காலிகமாக நேரக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே வெளிப்படையாகத் தெரிவித்திருக்கிறது. ஆகவே அப்டேட் போட்ட மறுநாளே பேட்டரியை மாற்றப் புறப்படுவதும், சாதனத்தில் உள்ளதை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதும் அநாவசியமான சிரமங்கள். பின்னதைச் செய்தால் வகைப்படுத்தும் வேலையெல்லாம் முதலிலிருந்து மறுபடியும் ஆரம்பமாகும் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

ஒரு வாரம் சென்றும் நிலைமை சீர்ப்படவில்லையானால் அப்பொழுது சந்தேகப்படக் காரணம் உண்டு. புதிய அமைப்புக்கு ஏற்பத் திருத்தப்படாத ஏதேனும் ஒரு செயலி, சாதனத்தின் மூளையான செயலகத்தை உறங்கவிடாமல் பிடித்து வைத்திருக்கலாம். சிக்னல் குறைந்த இடத்தில் டவரைத் தேடித் தேடி அலையும் மென்பொருளில் பிழை புகுந்திருக்கலாம். எப்பொழுதும் நேரம் காட்டிக்கொண்டிருக்கும் திரை, ஓயாமல் இருப்பிடத்தை விசாரிக்கும் அனுமதி போன்றவை அப்டேட்டோடு தாமாகவே திறந்துகொண்டிருக்கலாம். இவற்றுக்குப் பரிகாரம் அந்தப் பேட்டரிப் பக்கத்திலேயே கிடைக்கும்: அதிகம் தின்னும் செயலி எதுவென்று கண்டு, அதற்குப் புதிய பதிப்பு வந்திருந்தால் போட்டுக்கொள்வது, வராவிட்டால் சில நாள் அதை நீக்கி வைப்பது, சாதனத்தை ஒருமுறை அணைத்து எழுப்புவது.

திரையின் மூலையில் தெரியும் அந்தச் சதவிகித எண்ணைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பேட்டரிக்குள் எவ்வளவு மின்சாரம் மிச்சமிருக்கிறது என்று நேராக அளந்து பார்க்க வழி கிடையாது. உள்ளே போகும் மின்னோட்டத்தையும் வெளியே வரும் மின்னோட்டத்தையும் கணக்கிட்டு, மின்னழுத்தத்தையும் உஷ்ணத்தையும் பார்த்து, இந்தப் பேட்டரியின் கொள்ளளவு இப்போது இவ்வளவாக இருக்கவேண்டும் என்று ஒரு சிறிய சில்லு அனுமானிப்பதே அந்த எண். மென்பொருள் மாறும்போது அனுமானிக்கும் முறையும் மாறலாம். நேற்று 15 என்று காட்டியிருக்கவேண்டிய நிலையை இன்று 9 என்று காட்டினால், பேட்டரி ஒரே இரவில் ஆறு சதவிகிதத்தை இழந்துவிட்டதாகக் கொள்ளவேண்டியதில்லை, கணக்குத்தான் திருத்தப்பட்டிருக்கிறது.

இனி முதலைப் பற்றி விசாரிப்போம். செல்போனுக்குள் இருப்பது லித்தியம் அயனி பேட்டரி. 1970-களில் அமெரிக்காவில் எக்ஸான் நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்டான்லி விட்டிங்காம், 1980-இல் ஆக்ஸ்ஃபோர்டில் லித்தியம் கோபால்ட் ஆக்சைடை நேர்மின்வாயாக்கிய ஜான் குடினஃப், 1985-இல் ஜப்பானில் ஆபத்துக் குறைந்த முன்மாதிரியை அமைத்த அகிரா யோஷினோ ஆகிய மூவரின் உழைப்பால் உருப்பெற்று, 1991-இல் சோனி நிறுவனத்தால் சந்தைக்கு வந்தது அது. 2019-ஆம் ஆண்டின் ரசாயன நோபல் பரிசு இம்மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டபோது குடினஃபுக்கு வயது 97; நோபல் பரிசு பெற்றவர்களில் அவரே மிக முதியவர்.

செல்போனின் பேட்டரி வெளிப்பார்வைக்கு வெள்ளித்தாள் சுற்றிய தட்டையான பொட்டலம். அதனுள்ளே, தலைமயிரைவிட மெல்லிய தாமிரத் தகட்டின்மேல் பூசிய கிராஃபைட் என்னும் கரி ஒரு புறம். அலுமினியத் தகட்டின்மேல் பூசிய கோபால்ட் ஆக்சைடு மறு புறம். இரண்டும் ஒட்டிக்கொள்ளாதபடி நடுவே கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த ஒரு பிளாஸ்டிக் படலம். அனைத்தையும் நனைத்து நிற்கும் மின்பகு திரவம். சார்ஜ் போடும்போது கோபால்ட் ஆக்சைடின் அடுக்குகளில் இருக்கும் லித்தியம் அயனிகள் புறப்பட்டுத் திரவத்தைக் கடந்து கிராஃபைட்டின் அடுக்குகளுக்கிடையே புகுந்து அமர்கின்றன. உபயோகிக்கும்போது வந்த வழியே திரும்புகின்றன. இந்தப் பிரயாணத்தை விஞ்ஞானிகள் கண்ணாலேயே கண்டிருக்கிறார்கள். பேட்டரியின் பக்கத்தில் கண்ணாடிச் சாளரம் வைத்து நுண்ணோக்கியால் நோக்கினால், லித்தியம் ஏற ஏறக் கருமையான கிராஃபைட் முதலில் ஆழ்ந்த நீலமாகிறது; பின்பு சிவப்பாகிறது; ஆறு கரி அணுக்களுக்கு ஒரு லித்தியம் என்ற விகிதத்தில் நிறைந்தவுடன் பொன்னிறமாக மின்னுகிறது. முழுச் சார்ஜ் ஏறிய செல்போன் ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு பொன்தகடு ஒளிந்திருக்கிறது என்பதை அறியும்போது, தினசரி வாழ்க்கையின் மிகச் சாதாரணமான பொருளின்மேல் ஒரு புது மரியாதையே உண்டாகிறது.

அந்தப் பொன்னிறத்துக்கு ஒரு விலை இருக்கிறது. லித்தியம் நிறைந்த கிராஃபைட் ரசாயனரீதியில் மிகவும் வேகம் கொண்டது. மின்பகு திரவம் அதன் அருகே நிலைத்து நிற்க இயலாமல் சிதைகிறது. சிதைந்த பொருட்கள் கிராஃபைட்டின் மேற்பரப்பில் ஒரு மிக மெல்லிய படலமாகப் படிகின்றன. முதல் சார்ஜின்போதே உண்டாகிவிடும் இந்தப் படலம் ஒரு வகையில் பேருபகாரம் செய்கிறது. லித்தியத்தை மட்டும் ஊடுருவ விட்டு, திரவம் மேலும் சிதையாமல் காப்பது அதுவே. அது இல்லாவிட்டால் பேட்டரி சில நாட்கூட உயிரோடிருக்காது. ஆனால் அதன் வளர்ச்சி முற்றிலும் நிற்பதில்லை. ஒவ்வொரு முறை நிரம்பும்போதும் கிராஃபைட் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு பருத்து, காலியாகும்போது சுருங்குவதால், படலத்தில் வெடிப்புகள் விழுகின்றன. வெடிப்பில் புதிய படலம் படிகிறது. அதில் சிக்கிய லித்தியம் மறுபடி பிரயாணம் செய்வதில்லை. முதல் தேய்வது என்று சொன்னது இதைத்தான். படலம் தடிக்கத் தடிக்க அயனிகள் கடந்துசெல்வதும் கடினமாகிறது, அதாவது பேட்டரியின் உள்தடை கூடுகிறது.

இந்தத் தேய்மானத்தை விரைவுபடுத்துபவற்றில் தலையானது உஷ்ணம். ரசாயன மாற்றங்களின் வேகம் உஷ்ணத்தோடு எவ்வாறு ஏறுகிறது என்பதை 1889-இல் ஸ்வீடன் நாட்டு அர்ரீனியஸ் ஒரு சமன்பாட்டில் அடக்கிக் காட்டினார். பல மாற்றங்களில் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது அதிலிருந்து கிடைக்கும் நடைமுறை அளவு. ஐபோனை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சுற்றுப்புறத்தில் உபயோகிக்கும்படி அதன் நிறுவனம் சொல்கிறது. வேலூரிலும் திருத்தணியிலும் கத்திரி வெயில் நாட்களில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டிவிடும்போது, மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் மாட்டி, வரைபடம் ஓடிக்கொண்டிருக்க, பவர் பேங்கிலிருந்து சார்ஜும் ஏறிக்கொண்டிருக்க, நேர் வெயிலில் நாள் முழுதும் செல்லும் உணவு விநியோகத் தொழிலாளியின் செல்போனுக்குள் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பேட்டரியைப் பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் குளிர்ந்த தேசங்களில் எழுதப்படுவதால், நம்முடைய கோடைக்கு உரிய அழுத்தத்தை இந்த விஷயத்துக்கு அவை கொடுப்பதில்லை என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தது மின்னழுத்தம். கோபால்ட் ஆக்சைடிலிருந்து லித்தியத்தை முழுவதும் உருவிவிட்டால் அதன் அடுக்கமைப்பே குலைந்துவிடும். ஆதலால் ஏறத்தாழப் பாதியோடு நிறுத்திக்கொள்வது ஆதிமுதல் வழக்கம். அந்த எல்லை முன்பு 4.2 வோல்ட்டாக இருந்தது. அதிகக் கொள்ளளவு வேண்டி இன்று 4.4 வோல்ட்டையும் கடந்திருக்கிறது. திரை காட்டும் நூறு சதவிகிதம் என்பது இயற்கை வகுத்த நிறைவு அன்று. ஆயுளுக்கும் கொள்ளளவுக்கும் நடுவே நிறுவனம் வரைந்த கோடு. அந்தக் கோட்டருகே மணிக்கணக்கில் நிறுத்தி வைத்தால் இரு மின்வாய்களிலும் சிதைவு விரைகிறது. உயர்ந்த மின்னழுத்தமும் உஷ்ணமும் சேர்ந்துகொள்வதுபோல் விபரீதமானது பிறிதில்லை. சார்ஜரில் செருகிய செல்போனைத் தலையணைக்கடியில் வைத்து உறங்குவது இந்த இரண்டையும் ஒருங்கே வரவழைப்பதாகும்.

மென்பொருளும் ரசாயனமும் நேருக்கு நேர் வந்து நின்ற சம்பவம் ஒன்று உண்டு. 2016-ஆம் ஆண்டின் இறுதியில், முப்பது நாற்பது சதவிகிதம் சார்ஜ் இருக்கும்போதே சில ஐபோன்கள் திடீரென்று அணைந்துபோயின. அந்தச் சதவிகிதம் பொய்யன்று. சக்தி உள்ளே இருக்கத்தான் செய்தது. ஆனால் முதுமையால் உள்தடை ஏறிய பேட்டரியிடம் செயலகம் ஒரே கணத்தில் பெருமளவு மின்சாரம் கேட்டபோது மின்னழுத்தம் சரிந்து, தன்னைக் காத்துக்கொள்ளச் சாதனம் அணைந்துவிட்டது. 2017 ஜனவரியில் வெளியான ஐ.ஓ.எஸ். 10.2.1 என்ற அப்டேட், பழைய பேட்டரி உள்ள சாதனங்களில் செயலகத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தி இந்தக் குறையைத் தணித்தது. தந்திரம் பலித்தது, ஆனால் வேகம் குறைக்கப்படும் என்ற செய்தி சாதனத்தின் சொந்தக்காரர்களுக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை. அவ்வாண்டு டிசம்பரில், வேகத்தை அளக்கும் கீக்பெஞ்ச் மென்பொருளை உருவாக்கிய ஜான் பூல், ஏராளமான ஐபோன்களின் மதிப்பெண்களை வரைபடமாக்கிப் பார்த்தார். ஒரே மாதிரிச் சாதனங்களின் மதிப்பெண்கள் ஒரே சிகரத்தைச் சுற்றிக் குவிந்திருக்கவேண்டும், பழைய மென்பொருளில் அவ்வாறே இருந்தது, 10.2.1-க்குப் பின் பிரதான சிகரத்துக்குக் கீழே தனித்தனியாகச் சிறு சிகரங்கள் முளைத்திருந்தன. இயற்கையான முதுமை அப்படித் தனித்தனிப் படிகளாக நிற்காது. யாரோ வகுத்த படிகள் அவை என்பது பிரத்தியட்சமாயிற்று.

டிசம்பர் 28-ஆம் தேதி ஆப்பிள் வருத்தம் தெரிவித்துப் பகிரங்கக் கடிதம் வெளியிட்டது. பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. 2018 மார்ச்சில் வந்த ஐ.ஓ.எஸ். 11.3-இல் பேட்டரியின் ஆரோக்கியத்தைக் காட்டும் பக்கத்தைச் சேர்த்தது. 2020-இல் பிரான்ஸ் அரசு, உபயோகிப்போருக்கு விஷயத்தைத் தெரிவிக்காத குற்றத்துக்காக 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. அமெரிக்காவில் ஒரு வழக்கை முடிக்க 50 கோடி டாலர் வரை தர நிறுவனம் இணங்கியது. செயலகத்தை அடக்கியது தவறென்று நான் கருதவில்லை. அவசரத்துக்குப் பேசிக்கொண்டிருக்கும்போது அணைந்துபோகும் செல்போனைவிடச் சற்று மந்தமான செல்போன் மேலானதே. ஆனால் 29 டாலர் பேட்டரியால் தீரக்கூடிய குறையைச் சாதனத்தின் மூப்பென்று நம்பிப் பல நூறு டாலர் கொடுத்துப் புதியது வாங்கியவர்களுக்கு அந்த மௌனம் இழைத்தது அநீதியே.

அப்டேட் முதலைத் தொடுவதில்லை என்று முற்றாகச் சொல்லவும் முடியாது. தீப்பற்றிய காரணத்தால் 2016-இல் திரும்பப் பெறப்பட்ட சாம்சங் கேலக்ஸி நோட் 7 சாதனங்களில் சார்ஜை 60 சதவிகிதத்துடன் நிறுத்தும் அப்டேட் அனுப்பப்பட்டது. 2025 ஜனவரியில் கூகுள், பிக்சல் 4ஏ சாதனங்களுக்கு அனுப்பிய அப்டேட் அவற்றில் சிலவற்றின் உபயோகக் கொள்ளளவைக் குறைத்தது; ஈடாகப் பேட்டரியை இலவசமாக மாற்றித் தரவோ பணம் தரவோ நிறுவனம் முன்வந்தது. இவை வேண்டுமென்றே எல்லைக் கோட்டைக் கீழே இழுத்த சந்தர்ப்பங்கள், அபூர்வமானவை.

சார்ஜ் போடும் பழக்கங்களுக்கு வருவோம். பேட்டரியை முழுவதும் காலியாக்கிய பிறகே சார்ஜ் போடவேண்டும் என்றும், புதுச் செல்போனை முதல் தடவை எட்டு மணி நேரம் சார்ஜில் வைக்கவேண்டும் என்றும் சில கடைக்காரர்கள் இன்னும் சொல்வதுண்டு. இவை நிக்கல் காட்மியம் பேட்டரிகளின் காலத்து ஆசாரங்கள். அரைகுறையாகச் சார்ஜ் செய்துவந்தால் அந்த அரைக்கே பழகிவிடும் தன்மை அவற்றுக்கு இருந்தது. லித்தியம் அயனிக்கு அந்தக் குணம் இல்லை. ஒரே மூச்சில் நூறிலிருந்து பூஜ்யத்துக்கு இறக்கி ஏற்றுவதைவிட, இடையிடையே சிறிது சிறிதாக ஏற்றிக்கொள்வது அதன் ஆயுளைக் கூட்டுகிறது. இரண்டு நாள் ஐம்பது ஐம்பதாக ஏற்றினால் அது ஒரு சுற்றுத்தான். இருபதுக்கும் எண்பதுக்கும் இடையே வைத்திருக்கவேண்டும் என்ற பிரசித்தமான விதி இதிலிருந்து பிறந்ததே. ஆனால் அதை விரதம்போல் அனுஷ்டித்துச் சதா திரையைப் பார்த்துக்கொண்டிருக்க அவசியமில்லை. 2019-இல் ஐ.ஓ.எஸ். 13 கொண்டுவந்த ஏற்பாடு, உரிமையாளர் எழும் நேரத்தைப் பழகி அறிந்து, இரவெல்லாம் 80-இல் நிறுத்தி வைத்து, விடியற்காலையில் மீதியை நிரப்புகிறது. ஆண்ட்ராய்டிலும் இதற்கு ஈடான வசதிகள் வந்துவிட்டன. 80-உடனேயே நிறுத்திவிடும் வசதியும் பல சாதனங்களில் உண்டு. நாள் முழுதும் சார்ஜர் அருகிலேயே இருப்பவர் அதைப் போட்டுக்கொள்ளலாம். காலையில் புறப்பட்டு இரவில் வீடு திரும்புபவர் நூறு வரை ஏற்றிக்கொள்வதில் தவறே இல்லை. பேட்டரிக்காக மனிதர் அல்லவே.

வேகச் சார்ஜரைக் கண்டு அஞ்சுபவர்களும் உண்டு. அயனிகளை அளவுக்கு மிஞ்சிய வேகத்தில் தள்ளினால், கிராஃபைட்டுக்குள் புக இடமின்றி அவை மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும் அபாயம் மெய்தான். இதை அறிந்தே, பேட்டரி நிரம்ப நிரம்ப மின்னோட்டத்தைச் சாதனம் தானே குறைத்துக்கொள்கிறது. முதல் ஐம்பது சதவிகிதம் சட்டென்று ஏறி, கடைசி இருபது ஆமை வேகத்தில் ஏறுவதன் காரணம் இதுவே. நாம் கவனிக்கவேண்டியது சூடு ஒன்றைத்தான். வேகமாகச் சார்ஜ் ஏறும்போது விளையாடுவதும் வீடியோ பார்ப்பதும் சூட்டை இரட்டிப்பாக்கும். கை பொறுக்காத சூடு தெரிந்தால் தடித்த கவரைக் கழற்றி, மின்விசிறியின் கீழே வைத்துவிடவேண்டும். சூடான செல்போனைக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைப்பது கூடாது. உள்ளே ஈரம் படியும். மாதக்கணக்கில் உபயோகமின்றிக் கிடக்கப்போகும் சாதனத்தைப் பாதிச் சார்ஜில் அணைத்து வைக்கவேண்டும்; பூஜ்யத்தில் கிடந்தால் பேட்டரி மீளமுடியாத ஆழத்துக்கு இறங்கிவிடக்கூடும்.

மின்கட்டணத்தைப் பற்றிக் கவலைப்படுவோருக்கு ஒரு கணக்கு: 5000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியில் அடங்கும் சக்தி ஏறத்தாழ 19 வாட் மணி, அதாவது ஒரு யூனிட்டில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. தினமும் முழுச் சார்ஜ் போட்டாலும் ஆண்டுக்குப் பத்து யூனிட்டைத் தாண்டுவது அரிது.

ஆரோக்கியம் 80 சதவிகிதத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் பேட்டரியை மாற்றும் வேளை வந்துவிட்டதென்று கொள்ளலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் அமலான விதிகளின்படி, 800 சுற்றுகளுக்குப் பின்னும் பேட்டரியில் 80 சதவிகிதக் கொள்ளளவு எஞ்சியிருக்கவேண்டும். முதுகு உப்பி, திரை மேலெழும்பத் தொடங்கிய செல்போனை மட்டும் ஆரோக்கிய எண் எதுவாயினும் உடனே அணைத்துவிடவேண்டும். சிதைந்த திரவத்தின் வாயு உள்ளே திரண்டிருக்கிறது என்பதன் அடையாளம் அது. குத்துவதும் அழுத்துவதும் சார்ஜ் போடுவதும் தீவிபத்தில் கொண்டுபோய் விடும். மாற்றிய பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாமல் கடையிலேயே ஒப்படைப்பது முறை. அவற்றைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை இந்தியாவின் 2022-ஆம் ஆண்டுப் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளரிடமே விட்டிருக்கின்றன. பழைய பேட்டரியிலுள்ள கோபால்ட்டையும் லித்தியத்தையும் பிரித்தெடுத்துப் புதிய பேட்டரிக்கு உபயோகிக்க முடியும்.